மன்னர் பெயரும் மன்னர் காலமும்: எகிப்திய வண்டுத் தாயத்துகள்

வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் கட்டைவிரல் நகம் அளவே உள்ள கல் வண்டு ஒன்றைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதன் அடிப்பக்கத்தில் மூன்றாம் துட்மோஸ் மன்னரின் பெயர் இருந்ததாகவும், பக்கத்துக் குறிப்பில் "கி.மு. 7–6ஆம் நூற்றாண்டு" என்று போட்டிருந்ததாகவும் சொல்கிறீர்கள். அந்த மன்னர் ஆண்டது கி.மு. 1479 முதல் 1425 வரை என்பதால் இடையில் 700 ஆண்டுகளுக்குமேல் இடிக்கிறது. குறிப்பு தவறா, பொருள் போலியா, மன்னரே பயன்படுத்திய முத்திரையா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். குறிப்பு சரியாகவே இருக்கக்கூடும். பொருள் போலியாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. மன்னரின் விரல் அதில் பட்டிருக்க வழியே இல்லை. இந்த மூன்றும் எப்படி ஒன்றாக உண்மையாக முடியும் என்பதை விளக்க, அந்தப் பெயர் அங்கே என்ன வேலை செய்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

ஸ்காரப் என்று அழைக்கப்படும் இந்தப் பொருள் சாணியை உருட்டிச் செல்லும் வண்டின் உருவம். அந்த வண்டு தன்னைவிடப் பெரிய உருண்டையைத் தள்ளிக்கொண்டு போவதைக் கண்ட எகிப்தியர், காலைச் சூரியனை வானில் உருட்டிவரும் கெப்ரி என்னும் கடவுளை அதில் கண்டனர். மண்ணுக்கடியிலிருந்து புதிய வண்டு தானாக வெளிவருவதுபோல் தோன்றியதால் அது பிறப்புக்கும் மறுபிறப்புக்கும் அடையாளமாயிற்று. (உருட்டிக்கொண்டு போகும் உருண்டை பெரும்பாலும் வண்டின் உணவுதான். முட்டையிடும் உருண்டையை அது நிலத்தடியில் தனியாகச் செய்கிறது. இது பூச்சியியலாளர்கள் பிற்காலத்தில் பொறுமையாகக் கவனித்துச் சொன்னது.) வண்டின் படமே எழுத்தாகவும் இருந்தது: "கெப்பெர்" என்று ஒலிக்கும் அந்தச் சித்திர எழுத்துக்கு "உருவாதல், தோன்றுதல்" என்று பொருள். உருவம், எழுத்து, கடவுள் மூன்றும் ஒரே வண்டில் கூடியிருப்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். துட்மோஸின் பெயருக்கு வரும்போது இது தேவைப்படும்.

பெரும்பாலான ஸ்காரப்கள் 1 முதல் 2 சென்டிமீட்டர் நீளமே உள்ளவை. மிகுதியாகப் பயன்பட்ட கல், நம் வீடுகளில் கற்சட்டி செய்த அதே மாக்கல் வகை. செதுக்கும்போது நகம்கூடக் கீறும் அளவுக்கு மென்மையாக இருக்கும் இந்தக் கல், சூளையில் சுட்டபின் நன்கு இறுகிவிடும். செம்பு கலந்த நீலப்பச்சை மெருகைப் பூசிச் சுடுவார்கள். இன்று காட்சிப்பெட்டிகளில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ தெரிபவற்றில் பெரும்பகுதி, அந்த மெருகு காலத்தால் உதிர்ந்துபோனவை. கடவுளின் நிறமாகப் பளபளத்த பொருளை நாம் எலும்புத்துண்டுபோலப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உடலின் நீளவாக்கில் ஒரு துளை இருக்கும். அதில் நூலைக் கோத்துக் கழுத்தில் அணியலாம், அல்லது கம்பியைச் செருகிச் சுழலும் மோதிரமாக்கலாம். மோதிரத்தில் வண்டு மேலே பார்த்திருக்கும். முத்திரையிடும்போது திருப்பினால் எழுத்துள்ள அடிப்பக்கம் வெளியே வரும்.

இந்தத் திருப்பும் வசதிதான் ஸ்காரப்பின் இரட்டை வாழ்க்கை. கி.மு. 2100ஐ ஒட்டிய காலத்தில் தாயத்தாகத் தலைகாட்டிய இது, எகிப்தின் மத்திய அரசுக் காலம் எனப்படும் கட்டத்தில் (கி.மு. 2000–1700 அளவில்) நிர்வாகக் கருவியாகிவிட்டது. பாப்பிரஸ் என்னும் நாணல் தாள் சுருளைக் கயிற்றால் கட்டி, முடிச்சின்மேல் ஈரக் களிமண்ணை அப்பி, ஸ்காரப்பை அழுத்துவார்கள். சாடிகளின் வாய், பெட்டிகளின் குமிழ், பண்டகசாலைக் கதவின் தாழ் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். எகிப்துக்குத் தெற்கே உள்ள நூபியாவின் உரோனார்த்திக் கோட்டையில் இப்படி உடைத்தெறியப்பட்ட களிமண் முத்திரைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. அக்காலத்து ஸ்காரப்களில் அதிகாரிகளின் பெயரும் பதவியும் இருக்கும். மன்னர் பெயரும் இருக்கும். இங்கும் ஒரு நுட்பம் உண்டு: மன்னர் பெயருள்ள முத்திரையைப் பயன்படுத்தியவர் மன்னர் அல்லர், அவர் பெயரால் செயல்பட்ட அலுவலகம். பெயர் அங்கே அதிகாரத்தைக் குறித்தது.

இந்த வகையில் மன்னர் பெயர் நமக்கு நேரடிச் சான்றாகும் இடங்கள் உண்டு. ஷெஷி என்றொரு மன்னர் இருந்தார். அவர் பெயர் கல்வெட்டுகளில் இல்லை. அறியப்பட்ட கட்டடமோ கல்லறையோ இல்லை. கானான் (இன்றைய இஸ்ரேல், பாலஸ்தீனப் பகுதி) முதல் நூபியா வரை பரவிக்கிடந்த சுமார் 400 முத்திரைகளும் முத்திரைப் பதிவுகளும் இல்லாவிட்டால் இப்படி ஒருவர் ஆண்டார் என்பதே வரலாற்றில் இருந்திருக்காது. அதேபோல், தெற்கு எகிப்தின் தெல் எத்ஃபூவில் சிகாகோப் பல்கலைக்கழகக் குழு நடத்திய அகழாய்வில், ஆசியாவிலிருந்து வந்து வட எகிப்தை ஆண்ட ஹிக்சோஸ் மரபின் மன்னர் கியானின் பெயருள்ள 40க்கும் மேற்பட்ட களிமண் முத்திரைகளும் எகிப்திய மன்னர் நான்காம் சோபெக்ஹோதெப்பின் பெயருள்ள சிலவும் ஒரே நிர்வாகக் கட்டடத்தில் சேர்ந்து கிடைத்தன. அதுவரை இவ்விரு மன்னர்களுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இடைவெளி இருப்பதாகக் கணக்கிட்டு வந்தார்கள். குப்பையில் கிடந்த களிமண் கட்டிகள் அந்தக் கணக்கையே ஆட்டிவைத்தன, விவாதம் இன்னும் அடங்கவில்லை. இங்கே நம்பிக்கைக்குரியது ஸ்காரப் அல்ல, அது பதித்த களிமண் என்பதைக் கவனிக்கவேண்டும். ஸ்காரப் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும். உடைத்துப் போட்ட முத்திரை உடைந்த இடத்திலேயே கிடக்கும்.

இனி உங்கள் துட்மோஸுக்கு வருவோம். எகிப்திய மன்னர் அரியணை ஏறும்போது சூட்டிக்கொள்ளும் பெயர் ஒன்று உண்டு. முட்டைவடிவ வளையத்துக்குள் எழுதப்படும் அந்தப் பெயரைத்தான் ஸ்காரப்களில் அதிகம் காண்கிறோம். மூன்றாம் துட்மோஸின் அரியணைப் பெயர் மென்கெப்பெர்ரே. சூரிய வட்டு, பலகைவிளையாட்டுப் பலகை, வண்டு என்ற மூன்றே எழுத்துகள். "ரேயின் தோற்றம் நிலைத்தது" என்பதுபோலப் பொருள் கொள்ளலாம் (ரே என்பது சூரியக் கடவுள்). வண்டு உருவத்தின் அடியில் வண்டு எழுத்துள்ள பெயர், அதன் தலைமேல் சூரியன்: தாயத்து செய்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வாய்க்காது. பின்னால் வந்த துட்டன்காமுனின் அரியணைப் பெயர் நெப்கெப்பெரூரே. அதிலும் வண்டு உண்டு என்பதால் அவர் கல்லறை நகைகளில், நீலநிற லாபிஸ் லசூலி வண்டின் மேலே வட்டும் கீழே மூன்று கோடுகளும் கூடையும் வைத்து, நகையையே பெயராக எழுதியிருக்கிறார்கள். துட்டன்காமுன் பெயர் அவரோடு மங்கிவிட்டது. மென்கெப்பெர்ரே மங்கவில்லை.

அதற்கு எழுத்தழகு மட்டும் காரணமன்று. துட்மோஸ் சிரியா வரை பல படையெடுப்புகளை நடத்தி வென்றவர், 50 ஆண்டுகளுக்குமேல் ஆண்டவர், இறந்தபின் வழிபடப்பட்டவர். அவர் பெயரை அணிந்தால் அவர் ஆற்றல் காக்கும் என்ற நம்பிக்கை, அவரைப் பற்றி எதுவும் அறியாதவரிடமும் பரவியிருக்கவேண்டும். இன்னொரு விளக்கமும் உண்டு. பிரெஞ்சு அறிஞர் எட்டியென் திரியோத்தோன், அந்த மூன்று எழுத்துகளின் முதலொலிகளை மட்டும் எடுத்தால் அமோன் என்ற கடவுளின் பெயராகவும் படிக்கலாம் என்றார். மன்னர் பெயர்போலத் தோன்றுவது மறைமுகமான அமோன் மந்திரம் என்பது அவர் கருத்து. இம்முறையை அவர் கண்ணில்பட்ட எழுத்துத் தொகுதிகளுக்கெல்லாம் நீட்டியபோது மற்ற அறிஞர்கள் முகம் சுளித்தனர். நானும் அதை எல்லா இடத்திலும் ஏற்கமாட்டேன். ஆயினும் பிற்கால ஸ்காரப்கள் சிலவற்றில் மென்கெப்பெர்ரே என்ற பெயர் வளையம் இல்லாமலும், கடவுளின் பெயர் வரவேண்டிய இடத்திலும் வருவதைப் பார்க்கும்போது அந்த வாசிப்பை முற்றாகத் தள்ளிவிட முடியவில்லை.

இதன் விளைவாக மென்கெப்பெர்ரே பெயர் அவர் காலத்தில் தொடங்கி ராமசேசுகளின் காலம், லிபிய, நூபிய மன்னர்களின் காலம் என்று 26ஆம் அரசமரபு (கி.மு. 664–525) வரைக்கும் அதற்கப்பாலும் பொறிக்கப்பட்டுவந்தது. 21ஆம் அரசமரபுக் காலத்தில் தீப்ஸில் இருந்த தலைமைப் பூசாரி ஒருவருக்கே மென்கெப்பெர்ரே என்றுதான் பெயர். ஆகவே பெயர் ஒன்றாக இருப்பதால் ஆள் ஒன்றாகிவிடாது. நீங்கள் பார்த்த 7–6ஆம் நூற்றாண்டுக் குறிப்புக்கு ஒரு குறிப்பிட்ட இடம்கூட நினைவுக்கு வருகிறது. நைல் கழிமுகத்தில் கிரேக்க வணிகர் குடியேறியிருந்த நவ்க்ராத்திஸ் நகரில், 1884–85இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் பெற்ரி தோண்டியபோது ஸ்காரப் பட்டறை ஒன்றின் எச்சம் வெளிப்பட்டது. வண்டின் முதுகை வார்க்கும் சுடுமண் அச்சுகள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. மாக்கல்லைச் செதுக்கும் பொறுமை அங்கே இல்லை; நீலப்பசையை அச்சில் அழுத்தி மலிவாகச் செய்து கடல்கடந்து விற்றார்கள். வாங்கிய கிரேக்கருக்கு எழுத்து புரியாது. எகிப்திய எழுத்து என்பதே காப்பு.

துட்மோஸின் கதையாவது இறப்புக்குப்பின் தொடர்ந்த வழிபாடு. மென்கவுரே, கூஃபு போன்ற பிரமிடு மன்னர்களின் பெயருள்ள ஸ்காரப்கள் இன்னும் வியப்பானவை. அவர்கள் ஆண்ட 4ஆம் அரசமரபில் (கி.மு. 2500ஐ ஒட்டிய காலம்) ஸ்காரப் என்ற முத்திரை வடிவமே புழக்கத்துக்கு வரவில்லை. எனவே அப்பெயருள்ள எந்த ஸ்காரப்பும் அவர்கள் காலத்ததாக இருக்க இயலாது. மென்கவுரே பெயருள்ளவற்றில் பல, பழைய பெருமையை மீட்டெடுக்க விரும்பிய 25, 26ஆம் அரசமரபுகளின் காலத்தவை. அதாவது ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்குப் பிற்பட்டவை. பண்டையோரே தங்களுக்கும் பண்டையோரைத் தேடிப்போன காலம் அது.

மன்னரே தம் பெயரால் நேரடியாகப் பேசிய ஸ்காரப்கள் இல்லையா என்றால், ஒரே ஒருவர் அதைப் பெரிய அளவில் செய்தார்: மூன்றாம் அமென்ஹோதெப். உள்ளங்கையை நிரப்பும் அளவுள்ள, பலவரி எழுத்துள்ள அவருடைய நினைவு ஸ்காரப்கள் 200க்கும் மேல் கிடைத்துள்ளன. அவை ஐந்து செய்திகளைச் சொல்கின்றன. ஒன்று, தியே என்னும் அரசியின் பெயரையும் அவள் தந்தை யுயா, தாய் துயா பெயர்களையும் சொல்லி, தெற்கே நூபியாவின் கரோய் வரையும் வடக்கே சிரியாப் பக்கத்து நஹரின் வரையும் எல்லை கொண்ட மன்னரின் மனைவி அவள் என்று அறிவிக்கிறது. அரச குலத்தில் பிறக்காத பெற்றோரை இப்படி வெளிப்படையாகச் சொன்னது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. இன்னொன்று, 2ஆம் ஆட்சியாண்டில் நடந்த காட்டுக்காளை வேட்டை: முதல் நாளில் 56, குதிரைகளுக்கு நான்கு நாள் ஓய்வு, பிறகு 40, மொத்தம் 96 என்று கணக்குப்பிள்ளை நோட்டுப்போல் பட்டியலிடுகிறது. மூன்றாவது, 1ஆம் ஆண்டு முதல் 10ஆம் ஆண்டு வரை அவர் தம் அம்பாலேயே 102 சிங்கங்களைக் கொன்றதைச் சொல்கிறது; மிகுதியாகக் கிடைப்பது இதுதான். நான்காவது, 10ஆம் ஆண்டில் வடக்கு சிரியாவில் இருந்த மித்தானி அரசின் இளவரசி கிலுகெப்பா 317 பெண்களுடன் வந்து சேர்ந்த செய்தி. புது மணப்பெண்ணின் வருகையைச் சொல்லும் அந்தக் கல்லிலும் பெரிய அரசி தியேயின் பெயரும் அவள் பெற்றோர் பெயரும் முன்னால் வந்து நிற்கின்றன. யார் மூத்தவள் என்பதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ஐந்தாவது, 11ஆம் ஆண்டில் தியேயின் ஊரில் 3,700 முழ நீளமும் 700 முழ அகலமும் உள்ள ஏரியை வெட்டி, அதில் "ஒளிரும் ஆட்டன்" என்ற படகில் மன்னர் உலாப் போனதைச் சொல்கிறது. எகிப்திய அரச முழம் அரை மீட்டரைச் சற்றுத் தாண்டும் என்பதால் ஏரியின் நீளம் 1.9 கிலோமீட்டர் அளவில் வரும்.

இந்தக் கற்கள் நூபியா வரையிலும் சிரியாக் கடற்கரையின் உகாரித் வரையிலும் போயிருக்கின்றன. செய்தி மடல்போல் அனுப்பப்பட்டவை என்று இவற்றை வருணிப்பதுண்டு. ஓரளவு பொருந்தும் ஒப்பீடுதான். ஆனால் செய்தித் தாளைப் படித்துவிட்டு எறியலாம், சூரியக் கடவுளின் உருவில் வந்த அரச அறிவிப்பை எறிய முடியாது. இங்கும் தாயத்து என்ற தன்மை மறையவில்லை.

பெயரை மட்டும் நம்பிக் காலம் சொல்வதில் எவ்வளவு சிக்கல் வரும் என்பதற்கு பாலஸ்தீனத்தின் பழைய நகரமான எரிகோ நல்ல எடுத்துக்காட்டு. 1930களில் அங்கே அகழ்ந்த ஜான் கார்ஸ்டாங், கல்லறைகளில் பெண் மன்னர் ஹாட்செப்சுட், மூன்றாம் துட்மோஸ், மூன்றாம் அமென்ஹோதெப் பெயருள்ள ஸ்காரப்கள் கிடைத்ததையும் ஒரு சான்றாக வைத்து, நகரம் கி.மு. 1400ஐ ஒட்டி அழிந்தது என்றார். 1950களில் கேத்லீன் கென்யன் மண்ணடுக்குகளையும் மட்பாண்டங்களையும் மீண்டும் ஆராய்ந்து, அழிவு அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே நிகழ்ந்தது என்றார். ஸ்காரப்கள் பொய் சொல்லவில்லை. அவை கல்லறைக்குள் எப்போது போயின என்பதை மட்டும் சொல்கின்றன, அதுவும் "இந்த மன்னருக்கு முன்பு அல்ல" என்ற ஓர் எல்லையாக மட்டும். நகர மதில் எப்போது விழுந்தது என்பது வேறு கேள்வி.

மறுபக்கம், பெயரைத் துணிந்து நம்பலாம் என்ற இடங்களும் உண்டு. இத்தாலியின் இஸ்கியா தீவில், பித்தேகூசாய் என்ற பழைய கிரேக்கக் குடியிருப்பின் குழந்தைக் கல்லறை ஒன்றில் எகிப்திய மன்னர் பொக்கோரிஸின் பெயருள்ள ஸ்காரப் கிடைத்தது. அவர் ஆண்டது கி.மு. 720ஐ ஒட்டிச் சில ஆண்டுகள் மட்டுமே. பின்வந்தவர்கள் போற்றி நினைவுகூர்ந்து தாயத்துச் செய்யும் அளவுக்குப் பெரிய மன்னர் அல்லர். ஆகவே அவர் பெயருள்ள ஸ்காரப் அவர் காலத்தை ஒட்டியே செய்யப்பட்டிருக்கும் என்று வாதிடலாம். அந்தக் கல்லறையின் மட்பாண்டங்கள் கிரேக்க மட்பாண்டக் காலவரிசைக்கே ஊன்றுகோலாயின. ஹாட்செப்சுட்டின் பெயரும் இதே வகை. அவர் பெயர் திட்டமிட்டு அழிக்கப்பட்டதால் பிற்காலத்தில் அதைத் தாயத்தாக்க யாரும் முன்வரவில்லை. போதாக்குறைக்கு, டெய்ர் எல்-பஹ்ரியில் அவர் கட்டிய கோயிலின் அடித்தளக் குழிகளிலேயே அவர் பெயரும் மகள் நெஃபெரூரேயின் பெயரும் துட்மோஸின் பெயரும் உள்ள ஸ்காரப்களும் முத்திரைகளும் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. கட்டடம் எழும்போதே புதைக்கப்பட்டவை என்பதால், மற்றவற்றின் வேலைப்பாட்டை ஒப்பிட இவை உரைகல்லாகின்றன. சுருங்கச் சொன்னால், புகழ்பெற்ற மன்னரின் பெயர் ஐயத்துக்குரியது, மறக்கப்பட்ட மன்னரின் பெயர் நம்பத்தக்கது.

துருக்கிக் கடற்கரையருகே உலுபுருனில் மூழ்கிய கப்பலிலிருந்து எகிப்திய அரசி நெஃபெர்தீத்தியின் பெயருள்ள பொன் ஸ்காரப் எடுக்கப்பட்டது. அரசியின் தூதர் கப்பல் என்று உடனே கற்பனை ஓடும். ஆனால் கப்பல் மூழ்கியது அரசியின் காலத்துக்குப் பிறகு. அதில் உடைந்த பொன் நகைகளும் வெட்டுத்துண்டுகளும் இருந்தன. அரசியின் பெயர் அங்கே வெறும் எடைப்பொன்னாகவும் பயணம் செய்திருக்கலாம்.

அப்படியானால் வல்லுநர் எதைப் பார்த்துக் காலம் சொல்கிறார்? வண்டைப் புரட்டி எழுத்தைப் படிப்பதற்கு முன் அதன் முதுகையும் பக்கத்தையும் பார்ப்பார். தலை எப்படி வகுக்கப்பட்டுள்ளது, கழுத்துக்கும் சிறகுறைக்கும் இடையில் ஒரு கோடா இரண்டா, சிறகுறைகளின் தோள்மூலையில் சிறு முக்கோண வெட்டு உண்டா (18ஆம் அரசமரபில் இது பரவலாகிறது), கால்கள் தனித்தனியாகத் துளைத்துச் செதுக்கப்பட்டனவா அல்லது ஒரு பள்ளமாக மட்டும் குறிக்கப்பட்டனவா என்று பார்ப்பார். பிறகு எழுத்துக்குப் பக்கத்தில் வரும் அடைமொழிகள்: "நல்ல கடவுள்", "இரு நாடுகளின் தலைவர்", "வாழ்வு அளிக்கப்பட்டவர்" போன்றவை எந்தக் காலத்து வரிசையில் அமைந்துள்ளன என்பது. பிற்காலப் பிரதிகளில் எழுத்து சில சமயம் தலைகீழாகும், தேவையற்ற அழகுக்கோடுகள் சேரும். எழுதியவருக்கு வாசிக்கத் தெரியாது என்பது அதிலேயே புலப்படும். நியூபெரி, பெற்ரி போன்ற முன்னோர் பெயரை முதன்மையாக வைத்து வரிசைப்படுத்தினர். ஓல்கா டஃப்னெல், வில்லியம் வார்ட் போன்ற பிற்காலத்தார் உடலமைப்பை அளந்து வகைப்படுத்தினர். அகழ்ந்த இடம் தெரிந்த ஸ்காரப் ஒன்று, இடம் தெரியாத நூறைவிட மேல் என்பதில் இருதரப்பாருக்கும் கருத்துவேறுபாடு இராது.

போலியைப் பற்றியும் கேட்டீர்கள். மேலே சொன்ன பிற்கால ஸ்காரப்கள் போலிகள் அல்ல. அவற்றைச் செய்தவர் யாரையும் ஏமாற்ற எண்ணவில்லை. உண்மையான போலிகளும் ஏராளம். 19ஆம் நூற்றாண்டிலிருந்தே லக்சர் பகுதியில் பயணிகளுக்காக ஸ்காரப் செதுக்கும் தொழில் நடந்தது. பெரிய மோசடி ஒன்று பிரஸ்ஸல்ஸில் நிகழ்ந்தது. இரண்டாம் நெக்கோ மன்னரின் காலத்தில் ஃபீனிசியக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிவந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அதையே விவரிக்கும் இரண்டு பெரிய நினைவு ஸ்காரப்கள் அங்குள்ள அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. அமென்ஹோதெப்பின் வடிவத்தையே போலச்செய்து, அனைவரும் எதிர்பார்த்திருந்த செய்தியை எழுதியிருந்தார்கள். 1908இல் ஜெர்மன் எகிப்தியல் அறிஞர்கள் அடோல்ஃப் எர்மானும் ஹைன்ரிஷ் ஷேஃபரும் மொழியை அலசி அவை அண்மைக்காலப் புனைவு என்று காட்டினர். எழுத்தின் வடிவத்தைப் பார்த்துச் செதுக்கிவிடலாம், இலக்கணத்தை அப்படிச் செய்ய இயலாது.

ஒரு நடைமுறைச் செய்தி: எகிப்தில் 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டம் தொல்பொருள் வணிகத்தையே தடைசெய்துவிட்டது. எனவே இன்று அங்கே கடைத்தெருவில் "மன்னர் பெயருள்ள அசல் ஸ்காரப்" என்று நீட்டப்படுவது புதிதாகச் செய்ததாக இருக்கும், அல்லது திருடியதாக இருக்கும். அருங்காட்சியகக் காட்சிப்பெட்டியில் நீங்கள் பார்த்தது வேறு. மறுபடி அங்கே செல்ல நேர்ந்தால், குறிப்பில் பெயருக்குப் பக்கத்தில் கிடைத்த ஊரின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே நவ்க்ராத்திஸ் என்று இருந்தால், துட்மோஸின் பெயரை அச்சில் வார்த்த அந்த நீல வண்டு, அவரைக் கேள்விப்பட்டிராத ஒரு கிரேக்கக் குழந்தையின் கழுத்துக்காகச் செய்யப்பட்டதாகவே இருக்கக்கூடும்.